சேமித்த பணம் யாருடைய செலவு?
தகவல் தொழில்நுட்பச் சிக்கனமும் வன்னியின் அலுவலக முனைகளும்

1. கேள்வி

வருமானம் சரியத் தொடங்கிய பெருநிறுவனத்தில் முதலில் வெட்டு விழும் இடங்களில் தகவல் தொழில்நுட்பப் பிரிவும் ஒன்று. விற்பனைப் பிரிவு தன் உழைப்பை மாத முடிவில் தொகையாகக் காட்டிவிடும். கணினிப் பிரிவு நன்றாக உழைத்தால் ஒன்றுமே நடக்காது. மின்னஞ்சல் போகும், சம்பளப் பட்டியல் அச்சாகும், யாரும் அந்தப் பிரிவை நினைக்கமாட்டார்கள். ஒன்றும் நடக்காமல் இருப்பதற்கு இத்தனை கோடியா என்று பணிப்பாளர் சபையில் ஒருவர் கேட்டால், அதற்குப் பதில் சொல்வது எளிதல்ல.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி குறுகியது. அப்படி வெட்டப்படும் செலவு உண்மையிலேயே குறைகிறதா, அல்லது வேறொருவருடைய தலையில் போய் விழுகிறதா? இதைக் கொழும்பிலிருந்து கேட்டால் ஒரு விடை வரும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலிருந்து கேட்டால் வேறொரு விடை வரும் என்பதே என் வாதம். வன்னிப் பெருநிலத்தில் நாம் காண்பது பெரும்பாலும் இப்பிரிவுகளின் முனைகளை மட்டும்தான். வங்கிக் கிளையின் கணினி, லீசிங் கம்பனியின் மேசை, ஆடைத் தொழிற்சாலையின் வரவுப் பதிவு இயந்திரம், கச்சேரியிலும் பிரதேச செயலகங்களிலும் இருக்கும் திரைகள். முடிவெடுக்கும் மேசை ஏறத்தாழ 300 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது.

மையச் சான்றாக அரச தகவல் தொழில்நுட்பத்தை எடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கிய தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவராண்மை (சுருக்கமாக முகவராண்மை) சட்டப்படி அரசுக்கு முழுவுரிமையான ஒரு தனியார் கம்பனி. அமைச்சுகளுக்கும் திணைக்களங்களுக்கும் மின்னஞ்சல், வலையமைப்பு, முகில் சேவை ஆகியவற்றை அதுவே வழங்கியது. ஆகவே அரசு என்ற பெருநிறுவனத்தின் கணினிப் பிரிவாக அதைக் கொள்வதில் தவறில்லை. தனியார் கம்பனிகள் தங்கள் வெட்டுகளையும் விபத்துகளையும் வெளியே சொல்வதில்லை. அரசு, விரும்பியோ விரும்பாமலோ, சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2. இதுவரையான புரிதல்

இத்துறையில் செலவு பற்றிய விவாதம் பழையது. 1987இல் பொருளியலாளர் ரொபேர்ட் சோலோ, கணினி யுகத்தை எங்கும் காண முடிகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் காண முடியவில்லை என்ற கருத்தை முன்வைத்தார். அதே ஆண்டில் கார்ட்னர் என்ற ஆலோசனை நிறுவனம் கணினியின் விலையை மட்டும் பார்க்காமல் அதை வைத்திருப்பதன் முழுச் செலவையும் கணக்கிடும் முறையை அறிமுகப்படுத்தியது. 1989இல் கொடாக் தன் கணினி நிலையங்களை ஐ.பி.எம். கையில் ஒப்படைத்தது, வேலையை வெளியே கொடுத்துச் செலவைக் குறைக்கும் வழக்கத்துக்கு அது முன்னுதாரணமாயிற்று. 1992இல் வார்ட் கன்னிங்காம், அவசரத்தில் எழுதிய மென்பொருளைக் கடனுக்கு ஒப்பிட்டார். பிற்போட்ட திருத்தம் வட்டியோடு வரும் என்பது அவர் கருத்து.

இந்த வரிசையில் சிக்கனத்துக்கு மிக வலுவான நியாயம் கற்பித்தவர் நிக்கலஸ் கார். 2003 மே மாத ஹார்வர்ட் பிஸ்னஸ் ரிவியூவில் அவர் எழுதிய கட்டுரை, தகவல் தொழில்நுட்பம் மின்சாரத்தைப் போல எல்லோருக்கும் கிடைக்கும் பொதுப் பண்டமாகிவிட்டது, அதனால் யாருக்கும் தனி முன்னிலை கிடைக்காது என்று வாதிட்டது. குறைவாகச் செலவிடு, முந்தாதே, பிந்திப் போ என்பது அவருடைய அறிவுரை. அதே ஆண்டில்தான் இலங்கை மேற்சொன்ன சட்டத்தை நிறைவேற்றி, அடுத்த ஆண்டு உலக வங்கியிடம் 53 மில்லியன் டொலர் கடனுடன் ஈ-சிறீலங்கா திட்டத்தில் இறங்கியது. உலகின் மேல்மாடியில் செலவைக் குறைக்கச் சொன்ன காலத்தில் நாங்கள் கடன் வாங்கிச் செலவைத் தொடங்கினோம். போர்நிறுத்தத்தில் ஏ9 வீதி திறந்து ஓராண்டு கடந்திருந்த வன்னியில் அப்போது பேசுபொருள் வேறு. மின்சாரமே கார் சொன்ன பொருளில் பொதுப் பண்டமாக இருக்கவில்லை.

காரின் வாதத்தில் உண்மை உண்டு. பயன்படாத மென்பொருள் உரிமங்களுக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுவது, ஒரே வேலைக்கு மூன்று முறைமைகளை வைத்திருப்பது, ஒவ்வொரு நன்கொடையாளரும் தனித்தனிச் சேவையகத்தை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவது, இவையெல்லாம் வீண். இவற்றை வெட்டினால் எவருக்கும் நட்டமில்லை. ஆனால் இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை கணக்கை நிறுவனத்தின் மதிலோடு முடித்துவிடுகின்றன. கார்ட்னரின் முறை மட்டும் ஓரளவு விதிவிலக்கு. ஊழியர் தாமாகவே கணினியோடு மல்லுக்கட்டும் நேரத்தையும் அது மறைமுகச் செலவாகச் சேர்த்தது. எனினும் நடைமுறையில் அந்த நிரல்தான் முதலில் காணாமற் போகிறது. அது எவருடைய வரவுசெலவுத் திட்டத்திலும் எழுதப்படாத நேரம்.

3. 2023 ஓகஸ்ட் 26: மூன்று விளக்கங்கள்

அன்று இலங்கை அரச முகிலின் மின்னஞ்சல் முறைமையைக் கப்பம் கோரும் தீம்பொருள் தாக்கியது. அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். சேவை விரைவில் மீண்டது. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. அந்தக் காலத்துக்குரிய பிரதிகள் இணையத்தோடு இணைந்த நிலையில் இருந்ததால் அவையும் பூட்டப்பட்டுவிட்டன. தனியே எடுத்து வைத்த பிரதி இருக்கவில்லை.

பயன்பாட்டில் இருந்த மென்பொருள் மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013 பதிப்பு. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 ஏப்ரல் 11ஆம் திகதியோடு நின்றுவிட்டன. புதுப்பிக்க 2021இலிருந்தே திட்டமிட்டதாகவும், நிதிப் பற்றாக்குறையாலும் முந்திய பணிப்பாளர் சபையின் சில தீர்மானங்களாலும் அது தள்ளிப்போனதாகவும் முகவராண்மையின் தரப்பில் சொல்லப்பட்டது.

இதை எப்படி வாசிப்பது? முதல் விளக்கம் வறுமை. 2022இல் நாடே கடன் தவணையைக் கட்ட முடியாமல் கையை விரித்தது. மருந்துக்கும் எரிவாயுவுக்கும் டொலர் இல்லாதபோது மின்னஞ்சல் மென்பொருளுக்கு எங்கே போவது? இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் முழுக்க ஏற்கவும் முடியவில்லை. அந்த மென்பொருள் வெளிவந்த காலத்திலேயே அதன் பத்தாண்டு ஆயுள் அறிவிக்கப்பட்டிருந்தது. பஞ்சம் திடீரென்று வந்தது. காலாவதித் திகதி அப்படி வரவில்லை.

இரண்டாவது விளக்கம் ஒருமுகப்படுத்தல். திணைக்களத்துக்கு ஒரு சேவையகம் என்றிருந்ததை ஒழித்து எல்லாவற்றையும் ஒரே முகிலில் வைத்தது செலவைக் குறைக்கத்தான். அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். பிரதேச செயலகம் ஒவ்வொன்றும் தன் மூலையில் ஒரு சேவையகத்தை வைத்துத் தூசி தட்டிக்கொண்டிருப்பது எந்த வகையிலும் பாதுகாப்பானதல்ல. ஆனால் பல பூட்டுகளுக்குப் பதில் ஒரே பூட்டு என்றால், அந்த ஒன்றுக்குப் பழைய பூட்டுகள் அனைத்துக்கும் ஆன செலவில் ஒரு பங்கையாவது போட வேண்டும். ஒருமுகப்படுத்தியதால் கிடைத்த சேமிப்பை முழுவதுமாக எடுத்துக்கொண்டு, அதனால் வந்த ஆபத்துக்கு ஒன்றும் ஒதுக்காமல் விட்டால் இப்படித்தான் முடியும். 2021இல் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள், இரண்டு டெராபைட்டுக்கும் மேல், அரச முகிலிலிருந்து அழிக்கப்பட்டபோதும் முதலில் எழுந்த கேள்வி மறுபிரதி எங்கே என்பதுதான்.

மூன்றாவது விளக்கம் முன்னுரிமை. தாக்குதலுக்குப் பின் இனித் தினமும் இணையத்தோடு இணையாத பிரதி எடுக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. புதிய கடனுக்கோ பெரிய ஒதுக்கீட்டுக்கோ காத்திராமல் அந்த முடிவை எடுக்க முடிந்ததென்றால், அது முன்பும் எட்டும் தூரத்தில்தான் இருந்திருக்க வேண்டும். என் பார்வையில் இதுவே மூன்றிலும் வலுவானது. காசில்லாதது உண்மை. ஆனால் விடுபட்டது மிக விலையுயர்ந்த பொருள் அல்ல. கேட்க ஆளில்லாத பொருள். மறுபிரதிக்காகக் குரல் கொடுக்கும் வாடிக்கையாளர் எவரும் எந்தக் கூட்டத்திலும் இல்லை.

4. ஓரத்தில் இருப்பவர் கடைசியில்

இதை இலங்கையின் தனிக் குறையாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வெளிநாட்டுச் சான்று. 2012 யூனில் பிரித்தானியாவின் ஆர்.பி.எஸ். வங்கிக் குழுமத்தில், இரவு நேரக் கணக்கு வேலைகளை வரிசைப்படுத்தும் மென்பொருளைப் புதுப்பித்தபோது அது பழுதுபட்டது. 65 இலட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். 2014இல் ஒழுங்குபடுத்துநர்கள் விதித்த தண்டம் 56 மில்லியன் பவுண். வேலையை இந்தியாவுக்கு அனுப்பி ஆட்களைக் குறைத்ததே காரணம் என்று தொழிற்சங்கம் அப்போதே குற்றஞ்சாட்டியது. ஒழுங்குபடுத்துநர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஆண்டுக்கு நூறு கோடி பவுணுக்கு மேல் செலவிடும் வங்கியில் முதலீட்டுக் குறை காரணமல்ல, ஆபத்தைக் கண்டறிந்து கையாளும் ஏற்பாடு இல்லாததே காரணம் என்பது அவர்களின் முடிவு. செலவுக்கும் பாதுகாப்புக்கும் இடையில் நேர்கோட்டுத் தொடர்பு கிடையாது என்பதை இது நினைவூட்டுகிறது. சிக்கனத்தைக் கண்ட இடமெல்லாம் குற்றவாளியாக்க முடியாது.

ஆனால் நம் கேள்விக்கு முக்கியமானது வேறொரு விவரம். தேங்கிப்போன வேலைகள் தீர்க்கப்பட்ட வரிசையில் முதலில் வந்தது இங்கிலாந்தின் நாட்வெஸ்ட், பிறகு ஆர்.பி.எஸ்.; கடைசியில் அயர்லாந்துத் தீவின் அல்ஸ்டர் வங்கி. நாட்வெஸ்ட் வாடிக்கையாளருக்குச் சில நாட்களில் தீர்ந்த சிக்கல் அல்ஸ்டர் வங்கியின் வாடிக்கையாளருக்கு யூலை வரை நீண்டது. ஒரே மென்பொருள், ஒரே பிழை. காத்திருப்பு மட்டும் தூரத்துக்கேற்ப வேறுபட்டது. எவரும் வேண்டுமென்று செய்த பாகுபாடாக இதைக் கொள்ளத் தேவையில்லை. வரிசையை வடிவமைத்தவர் மையத்தில் இருந்தார், அவ்வளவே. மாந்தை கிழக்கிலோ வெலிஓயாவிலோ உள்ள ஒரு பிரதேச செயலகத்தின் இணைப்பு அறுந்தால் அது சரிசெய்யப்படும் வரிசை எப்படி அமையும் என்பதை ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை.

5. ரூபாவில் வருமானம், டொலரில் வாடகை

கடந்த பதினைந்து ஆண்டுகளாகக் கணினிப் பிரிவுகளுக்குச் சொல்லப்பட்டுவரும் சிக்கன மந்திரம் முகில். சேவையகத்தை வாங்காதே, மாத வாடகைக்கு எடு, மூலதனச் செலவு இயக்கச் செலவாகும், வேண்டாதபோது விட்டுவிடலாம். டொலரில் சம்பாதிக்கும் கம்பனிக்கு இது சரியான அறிவுரை. ரூபாவில் சம்பாதிப்பவர் ஒவ்வொரு மாதமும் ஒரு இறக்குமதி செய்கிறார் என்பதே இதன் பொருள்.

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. 7ஆம் திகதி நாணய மாற்றுவீதம் தளர்த்தப்பட்டபின் மே மாதத்தில் அது 360ஐத் தொட்டது. மாதம் 1,000 டொலர் வாடகை கட்டிய நிறுவனம் ஒரு விரலையும் அசைக்காமலே 2 இலட்சத்திலிருந்து 3 இலட்சத்து 60 ஆயிரத்துக்குப் போய்விட்டது. சொந்தமாகச் சேவையகம் வைத்திருந்தவர் சிரித்திருக்கலாம் என்றால் அதுவுமில்லை. மார்ச் 31இல் மின்வெட்டு 13 மணித்தியாலம். ஜெனறேற்றருக்கு டீசல் இல்லை. ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். யூ.பி.எஸ். பற்றறியும் இறக்குமதிப் பொருள்தான்.

இந்த நெருக்கடியில் நிறுவனங்கள் செய்ததைக் குறைசொல்வது எளிது. அந்த நாற்காலியில் இருந்து பார்த்தால் வேறு வழி இருக்கவில்லை. உரிமங்களின் எண்ணிக்கையைக் குறைப்பது, பழைய கணினிகளை இன்னும் இரண்டு வருடம் ஓட்டுவது, ஓய்வுபெற்றவரின் இடத்தை நிரப்பாமல் விடுவது. அரச துறையிலும் ஆட்சேர்ப்பு நின்றது. 2022 யூனில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள். சம்பளமில்லா விடுப்பில் ஐந்து வருடம் வரை வெளிநாடு போகவும் அனுமதித்தார்கள். கணினி தெரிந்தவருக்கு வெளிநாட்டுக் கதவு மற்றவர்களுக்கு முன்பே திறக்கும். போனவர்களின் வேலை எங்கும் போகவில்லை. அது எஞ்சியவர்களிடம் வந்தது.

6. முனையில் நடப்பது

கிளிநொச்சி மாவட்டத்தில் கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்று நான்கு பிரதேச செயலகங்கள். முல்லைத்தீவில் ஆறு, வவுனியாவில் நான்கு. ஆக, மூன்று மாவட்டங்களுக்கும் 14. மையத்தில் வெட்டப்பட்ட ஒன்று இங்கே என்ன வடிவம் எடுக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

முதல் வடிவம் சொந்தக் கைபேசி. அலுவலக மின்னஞ்சல் இயங்காவிட்டால், அல்லது அதன் கொள்ளளவு போதாவிட்டால், கடிதம் ஜிமெயிலில் போகிறது. பட்டியல் வட்ஸ்அப் குழுவில் போகிறது. டேற்றாவுக்கு உத்தியோகத்தர் தன் கைக்காசைக் கட்டுகிறார். இது அனேகமாக எல்லா அலுவலகங்களிலும் பழகிப்போன ஏற்பாடு. யாரும் இதை முறைகேடாகக் கருதுவதுமில்லை. ஆனால் கணக்கியல் கண்ணால் பாருங்கள். நிறுவனம் மின்னஞ்சலில் சேமித்த தொகையில் ஒரு பகுதியை எழுதுவினைஞர் தன் சம்பளத்திலிருந்து கட்டுகிறார். மறுபகுதியைப் பொதுமக்கள் தங்கள் அந்தரங்கத்தால் கட்டுகிறார்கள். அடையாள அட்டைப் பிரதியும் வங்கிக் கணக்கு இலக்கமும் எத்தனை தனியார் கைபேசிகளில் கிடக்கின்றன என்று எவருக்கும் தெரியாது. 2023இல் அரச மின்னஞ்சல் அழிந்தபோது பல அலுவலகங்களில் பெரிய கூக்குரல் எழாததற்கு இந்த ஜிமெயில் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

இரண்டாவது வடிவம் கொமினிக்கேசன் கடை. மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ புதுக்குடியிருப்பிலோ சந்தைக்குப் பக்கத்தில் ஒரு போட்டோக்கொப்பி இயந்திரமும் இரண்டு கணினியும் உள்ள அந்தக் கடைதான் இன்றைய அரசின் முன்மேசை. விண்ணப்பங்களை இணையத்துக்கு மாற்றியதால் திணைக்களத்துக்கு அச்சுச் செலவும் மேசை உத்தியோகத்தர் செலவும் மிச்சம். படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பித் தர, ஸ்கான் பண்ண, கடவுச்சொல் உருவாக்க, கடைக்காரருக்கு விண்ணப்பதாரி காசு கொடுக்கிறார். பஸ்ஸுக்கு வேறு கொடுக்கிறார். முன்பு அரசு கொடுத்த சம்பளத்தை இப்போது பயனாளி துண்டுதுண்டாகக் கொடுக்கிறார் என்பதைத் தவிர இங்கே என்ன குறைந்தது? ஈ-சிறீலங்காவின் காலத்தில் இந்த இடைவெளியை நிரப்பத்தான் நெனசல அறிவகங்கள் திறக்கப்பட்டன. திட்டப் பணம் தீர்ந்தபின் அவற்றை நடத்துவது யாருடைய செலவு என்ற கேள்வி எஞ்சியது.

2023இல் அஸ்வெசும நலன்புரித் திட்டம் தொடங்கியபோது இந்த இடமாற்றம் வெளிச்சத்துக்கு வந்தது. தெரிவு நடந்தது கொழும்பிலுள்ள தரவுத்தொகுதியில். மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் நாடு முழுவதும் இலட்சக்கணக்கில் குவிந்தன. ஏன் என் பெயர் இல்லை என்று முகத்துக்கு நேரே கேட்க மக்கள் போனது கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்துக்கும். விதிகளை எழுதியவர்களும் அவர்களல்ல, புள்ளிகளைக் கணித்த நிரலை மாற்றும் அதிகாரமும் அவர்களுக்கு இல்லை.

மூன்றாவது வடிவத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது தமிழர் அலுவலகங்களுக்கே உரியது. வட கிழக்கில் தமிழே நிர்வாக மொழி. ஆனால் இங்கே தட்டச்சுச் செய்யப்பட்ட ஆவணங்களில் பெருந்தொகை பாமினி எழுத்துருவில் கிடக்கிறது. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய பழைய ஏற்பாடு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆவணம் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். தமிழ் எழுத்துக் குறியீட்டுக்கான இலங்கைத் தரம் (எஸ்.எல்.எஸ். 1326) 2008இலேயே வந்துவிட்டது. யுனிகோட்டுக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனாலும் பாமினி போகவில்லை. தட்டச்சாளரின் விரல் அதற்குப் பழகியிருப்பது ஒரு காரணம். வேகத்தை இழந்து புதிதாகப் பழகும் அந்த மாதங்களுக்கு யாரும் ஒதுக்கீடு செய்யாதது பெரிய காரணம்.

இதன் விலை என்ன? பழைய பட்டியலில் ஒரு பயனாளியின் பெயரைத் தேடினால் கிடைக்காது, ஏனெனில் கணினிக்கு அது தமிழ்ப் பெயரே அல்ல. மத்திய தரவுத்தொகுதியோடு ஒப்பிடவும் முடியாது. ஆகவே பெயர்கள் மறுபடியும் கையால் பதியப்படுகின்றன, பெரும்பாலும் ஆங்கிலத்தில். சிவகுமாரனை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதலாம் என்பது நம்மில் எவருக்கும் தெரியும். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று. பிறகு இம்மூவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடிக்க, சமாதான நீதவானிடம் அந்த மனிதர் போகிறார். மென்பொருளை வாங்கியபோது தமிழ் இடைமுகத்தை அடுத்த கட்டத்தில் பார்ப்போம் என்று ஒத்திவைத்து மிச்சம்பிடித்த தொகைக்கு வட்டி கட்டுபவர் அவர்தான். கன்னிங்காம் சொன்ன கடன் இங்கே கடன் வாங்காதவர் பேரில் எழுதப்பட்டிருக்கிறது.

7. பிரதி இல்லாத ஊரின் அனுபவம்

மறுபிரதி என்ற செலவு எதற்கு என்று மேற்கத்தைய முகாமைத்துவ நூல்கள் பல பக்கங்களில் விளக்கும். வன்னிக்கு அந்த விளக்கம் தேவையில்லை. 2008 பிற்பகுதியிலிருந்து 2009 மே வரை மேற்கிலிருந்து கிழக்காக இடம்பெயர்ந்துகொண்டே போன மக்கள் அரிசிக்கு அடுத்ததாகக் காவித் திரிந்தது சான்றிதழ்ப் பையை. பலர் அதையும் இழந்தார்கள். செட்டிகுளம் மாணிக்கம் தோட்ட முகாம்களுக்கு வந்து சேர்ந்தபோது, தாம் இன்னார் என்று நிறுவ எந்தக் கடதாசியும் இல்லாதவர்கள் அங்கே இருந்தார்கள். தனியாரிடம் இருந்த மூலமும் போய், அலுவலகத்தில் இருந்த பதிவும் அழிந்த இடங்களில் சிக்கல் இருமடங்கானது.

காணி விடயத்தில் இது மிகக் கடுமை. வன்னியின் குடியேற்றத் திட்டக் காணிகளில் பெரும்பாலானவை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்டவை. பத்திரமும் இல்லை, அலுவலகக் கோவையும் இல்லை என்றால், அந்தக் காணியில் முப்பது வருடம் வயல் செய்தவர் அயலவரின் வாய்ச்சாட்சியோடு நிற்க வேண்டும். கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் 2011 அறிக்கை ஆவண இழப்பைப் பேசியது. காணி ஆணையாளர் நாயகம் 2011இல் வெளியிட்ட சுற்றறிக்கை நீதிமன்றம் வரை போய் விலக்கிக்கொள்ளப்பட்டு, 2013இல் வேறொன்று வந்தது. நடமாடும் சேவைகள், காணிக் கச்சேரிகள், விசாரணைகள் என்று அதன்பின் அரசும் உதவி நிறுவனங்களும் மக்களும் செலவிட்ட பணத்தையும் நாட்களையும் எவரும் ஒரே தாளில் கூட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

போரின் அழிவையும் கணினித் தாக்குதலையும் ஒரே தட்டில் வைக்க நான் முயலவில்லை. அளவிலும் வேதனையிலும் இரண்டும் ஒப்பிடத் தக்கவையல்ல. ஆனால் ஒரு பதிவு போனபின் அதை மீட்க ஆகும் செலவு யாரிடமிருந்து, எந்த வடிவில் வசூலாகிறது என்பதற்கு வேறெங்கும் கிடைக்காத சான்று இங்கே இருக்கிறது. அலுவலகம் இழந்ததை நிரூபிக்கும் பொறுப்பு குடிமகனிடம் வந்து சேர்கிறது. 2025 ஒக்டோபரில் அரச முகிலில் மறுபடியும் தடங்கல் ஏற்பட்டுப் பல திணைக்களங்களின் இணையச் சேவைகள் நின்றபோதும், திரும்பிப் போய்ப் பிறகு வரச் சொல்லப்பட்டவர் மேசைக்கு முன்னால் நின்றவர்தான்.

8. உண்மையான சிக்கனம் எப்படி இருக்கும்

அப்படியானால் செலவைக் குறைக்கவே கூடாதா? குறைக்கலாம், குறைத்தவர்கள் இருக்கிறார்கள். கேரள அரசின் பாடசாலைக் கணினித் திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே அரச பாடசாலைகளின் கணினிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றப்பட்டன. 2019இல் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குப் புதிய பதிப்பைக் கொடுத்தபோது 3,000 கோடி இந்திய ரூபா மிச்சம் என்று அறிவிக்கப்பட்டது. இந்த எண்ணை அப்படியே விழுங்கக் கூடாது. ஒரு கணினிக்கு ஒன்றரை இலட்சம் ரூபா பெறுமதியான மென்பொருளை வாங்கியிருப்பார்கள் என்ற எடுகோளில் நிற்கிறது அது. எந்த அரசும் அந்த விலைக்கு வாங்கியிருக்காது. எண்ணைப் பாதியாக, காலாகக் குறைத்துக்கொண்டாலும் சேமிப்பு பெரியதே.

ஆனால் அது எப்படிச் சாத்தியமானது என்பதே முக்கியம். உரிமக் கட்டணத்தில் மிஞ்சியதன் ஒரு பகுதி ஆசிரியர் பயிற்சிக்கும், மலையாளத்தில் பாடநூலும் மென்பொருளும் ஆக்குவதற்கும் திரும்பப் போனது. பழுது பார்க்கும் அறிவு பாடசாலைக்குள்ளேயே வளர்ந்தது. அதாவது முனைக்குக் கொடுத்து மையத்தில் குறைத்தார்கள். இதற்கு எதிர்ச்சான்று ஜேர்மனியின் மியூனிக் நகரம். 2003இல் லினக்சுக்கு மாறத் தீர்மானித்த அந்த மாநகரசபை 2017இல் விண்டோசுக்குத் திரும்ப வாக்களித்தது. அரசியல் மாற்றம் ஒரு காரணம் என்பார்கள், பயனாளரின் அன்றாட அதிருப்தி மற்றது என்பார்கள். இரண்டாவதில் எவ்வளவு உண்மையிருந்தாலும், உரிமம் இலவசமாவதால் மட்டும் செலவு மறைந்துவிடாது என்பது தெளிவு.

கட்டற்ற மென்பொருளை உள்ளூரிலேயே ஆக்கும் திறமை இலங்கைக்குப் புதிதல்ல. 2004 திசம்பர் 26 கடற்கோள் முல்லைத்தீவுக் கரையையும் வாரிக்கொண்டு போன சில நாட்களில், லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசனைச் சார்ந்த தன்னார்வலர்கள் கொழும்பில் சகானா என்ற நிவாரண முகாமைத்துவ மென்பொருளைக் கட்டற்ற உரிமத்தில் உருவாக்கினார்கள். அது பிறகு பல நாடுகளின் பேரிடர்களில் பயன்பட்டது. வன்னியிலும் இப்போது ஆட்களுக்குக் குறைவில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014இலிருந்து இயங்குகிறது. கணினிப் பொறியியல் அங்கே ஒரு துறை. அருகே இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிறுவகம். வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கிருந்து வெளியேறும் இளைஞர் கொழும்புக்கும் கடல் கடந்தும் போக, பூநகரியில் ஒரு பிறின்ரர் வேலை செய்யாவிட்டால் ஒப்பந்தக்காரர் வரும்வரை காத்திருக்கிறார்கள். மாவட்டத்துக்கு மூன்று பேர் கொண்ட ஒரு பராமரிப்புக் குழு, கொழும்பிலிருந்து வந்து போகும் பயணப்படிகளோடு ஒப்பிட்டால் கூடுதல் செலவாகாது என்று நினைக்கிறேன். ஆனால் பயணப்படி ஒரு திணைக்களத்தின் தலைப்பில் வருகிறது, நியமனம் இன்னொன்றில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மேசை கிடையாது.

9. கணக்கை எங்கே மூடுவது

இந்தக் கட்டுரை கேட்பது கணக்கின் எல்லையை நகர்த்தச் சொல்லித்தான். ஒரு கணினிப் பிரிவு செலவு வெட்டை முன்வைக்கும்போது, அதனால் கடைசி அலுவலகத்தில் கூடும் மணித்தியாலங்களையும், பயனாளியின் கைக்காசையும், இழக்கக்கூடிய பதிவுகளை மீட்க ஆகும் செலவையும் அதே தாளின் மறுபக்கத்தில் எழுத வேண்டும். துல்லியமாக எழுத முடியாது என்பது சரி. கேரளத்தின் 3,000 கோடியும் துல்லியமானதல்ல. ஆனாலும் மேடையில் வாசிக்கப்பட்டது. சேமிப்பை உத்தேசமாகச் சொல்லலாம், இடம்மாறிய செலவை மட்டும் துல்லியமாகத்தான் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை எங்கிருந்து வந்தது?

உடனடியாக இதைச் சோதிக்க ஒரு வாய்ப்பும் இருக்கிறது. இலங்கையின் தனித்துவ டிஜிற்றல் அடையாளத் திட்டத்துக்கு இந்தியா 300 கோடி இந்திய ரூபாவை நன்கொடையாக ஒதுக்கி, அதில் 45 கோடியை 2023 ஓகஸ்டில் முற்பணமாகக் கொடுத்தது. முறைமையைக் கட்டியெழுப்பும் செலவை அந்த நன்கொடை தாங்கலாம். அதற்குப் பிந்திய ஆண்டுகளில் 14 பிரதேச செயலகங்களிலும் கைவிரல் வருடிகளைப் பராமரிப்பது, மின்வெட்டு நேரத்தில் அவற்றை இயக்குவது, வயல் வேலையில் ரேகை தேய்ந்துபோன விரல்களுக்கு மாற்றுவழி வைத்திருப்பது, தமிழில் பெயரைத் தமிழாகவே சேமிப்பது, பிரதியை வேறோர் ஊரில் வைத்திருப்பது ஆகியவை எந்த அமைச்சின், எந்தச் செலவுத் தலைப்பின் கீழ் வருகின்றன என்பதைத் திட்டம் தொடங்குமுன்பே மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக்கள் எழுத்தில் கேட்டுப் பெறலாம். அந்தக் கூட்டங்களில் வீதிக்கும் குளத்துக்கும் யானை வேலிக்கும் மணிக்கணக்கில் நேரம் போகிறது. இதற்கு அரை மணித்தியாலம் போதும்.